காலிப் புட்டியின் திரும்பு பயணம்: இந்திய நகரங்களில் வீட்டுவாசல் வணிகமும் நெகிழிப்பையும்

20, 40, 50, 75, 120.

‘கேரி பேக்’ எனப்படும் நெகிழிப்பைக்கு இந்திய அரசு அடுத்தடுத்து விதித்த குறைந்தபட்சத் தடிமன்கள் இவை, அலகு மைக்ரான். 1999ஆம் ஆண்டு விதிகள் 20 என்றன. 2011இல் அது 40 ஆயிற்று, 2016இல் 50, 2021 செப்டம்பர் 30 முதல் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120. இடையே, 2022 ஜூலை 1 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழித் தடையில் உறிஞ்சுகுழல், கரண்டி, தட்டு, குவளை, இனிப்புப் பெட்டியைச் சுற்றும் மென்தாள் முதலியவை இடம்பெற்றன. மளிகைப் பொருளை வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் பை அப்பட்டியலில் இல்லை. அதனைத் தடிமனைக் கொண்டே அரசு ஒழுங்குபடுத்தி வருகிறது.

இவ்வெண் வரிசைக்குப் பின்னால் ஒரு தருக்கம் உண்டு. மெல்லிய பைக்கு எடையில்லை. எடையில்லாததால் பழைய பொருள் கடையில் விலையில்லை. விலையில்லாததால் குப்பை பொறுக்குவோர் அதனைக் குனிந்து எடுப்பதில்லை. பை தடிப்பாக இருந்தால் கடைக்காரர் இலவசமாகத் தரத் தயங்குவார், வாங்கியவர் மீண்டும் பயன்படுத்துவார், எறிந்தாலும் யாரேனும் பொறுக்குவர் என்பது எதிர்பார்ப்பு.

நகர வரலாற்றைப் பயில்பவன் என்ற முறையில் இத்தருக்கத்தில் எனக்கொரு குறை தோன்றுகிறது. அரசு பையின் தடிமனை அளந்தது. பை எத்தனை முறை திரும்பி வந்தது என்பதை அளக்கவில்லை. நெகிழி வருவதற்கு முன்னரும் இந்திய நகரங்களில் பாலும் காயும் மீனும் மளிகையும் நாள்தோறும் வீட்டுவாசலுக்கு வந்துகொண்டுதான் இருந்தன. அவ்வணிகம் நெகிழியின்றி எவ்வாறு நடந்தது, அதன் இடத்தை நெகிழி எவ்வாறு பிடித்தது என்று ஆராய்ந்தால், துணிப்பையைவிடப் பெரிய ஒன்றை நாம் இழந்திருப்பது விளங்கும். காலிக் கலம் வந்த வழியே திரும்பிச் செல்வதற்கான ஏற்பாடுதான் அது. அவ்வேற்பாட்டின் சுமையை யார் தாங்கினர் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். பதிவு சற்று நீளமானது.

1. மூவகைக் கலங்கள்

நெகிழிக்கு முந்தைய வீட்டுவாசல் வணிகத்தின் கலங்களை மூன்றாகப் பகுக்கலாம்.

முதல்வகை, வாங்குபவரின் கலம். பம்பாயில் கோளி மீனவப் பெண்கள் மீன்கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக வருவர். வீட்டார் தட்டை நீட்டி மீனை வாங்கிக்கொள்வர். பால்காரர் கேனிலிருந்து அளந்து வீட்டுப் பாத்திரத்தில் ஊற்றுவார். கல்கத்தாவிலும் பழைய தில்லியிலும் பம்பாயின் சால் குடியிருப்புகளிலும் மேல்மாடியில் வாழ்வோர் கயிற்றில் கட்டிய கூடையையோ துணிப்பையையோ கீழே இறக்குவர். தள்ளுவண்டிக்காரர் காய்களை நிறுத்து அதில் இடுவார், கூடை மேலேறும், காசு இறங்கும். இன்றும் இக்காட்சி முற்றிலும் மறைந்துவிடவில்லை. இம்முறையில் பொருள் மட்டுமே கைமாறுகிறது. கலம் வீட்டைவிட்டுப் போவதே இல்லை.

இரண்டாம் வகை, விற்பவரின் கலம். அது பொருளுடன் வந்து, காலியானதும் விற்பவரிடம் திரும்பும். கண்ணாடிப் பால்புட்டி, குளிர்பானப் புட்டி, அது வந்த மரப்பெட்டி, தானியச் சாக்கு ஆகியன இவ்வகையின. மாதத் தொடக்கத்தில் வீட்டார் எழுதிக்கொடுத்த பட்டியலின்படி மளிகைக் கடைப் பையன் அரிசியையும் பருப்பையும் சுமந்து வந்து, வீட்டு டின்களில் கொட்டிவிட்டுச் சாக்கையும் பையையும் உதறி மடித்து எடுத்துச் செல்வான். கடனும் கணக்கும் அதே பயணத்தில் நடந்தன. கலம் திரும்பும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமாக இருந்தது கணக்கு நோட்டு. யார் வீட்டில் எது நிலுவை என்பது கடைக்காரருக்குத் தெரியும்.

மூன்றாம் வகை, ஒருமுறை மட்டும் பயன்பட்டு மண்ணுக்கோ ஆட்டுக்கோ அடுப்புக்கோ போகும் கலம். ஒடிசா, சார்க்கண்டு, சத்தீசுகர் பகுதிகளில் சால் இலையில் தைத்த தொன்னையும் தட்டும். வங்காளத்தில் இனிப்புத் தயிர் உறையும் மண்கலம். நாடெங்கும் செய்தித்தாள் பொட்டலமும் சணல்நூல் முடிச்சும். வங்காளத்தில் ‘டோங்கா’ எனப்படும் காகிதப்பைகளைப் பழைய தாள்களில் ஒட்டிக்கொடுத்து வருவாய் ஈட்டிய ஏழைப் பெண்கள் மிகப் பலர்.

இவற்றோடு ஓர் இடைநிலை வகையும் உண்டு. வனஸ்பதி வந்த தகர டப்பா கடைக்குத் திரும்பாது, குப்பைக்கும் போகாது, சமையலறை அலமாரியில் பருப்பு வைக்கும் கலமாகப் பல ஆண்டுகள் வாழும். வாங்கிய பொருளின் உறையே வீட்டுச் சொத்தாகும் இவ்வழக்கம், உலோகம் விலையுயர்ந்ததாக இருந்த பொருளாதாரத்தின் இயல்பான விளைவு.

2. டப்பாவும் பால்புட்டியும்

கலம் திரும்பும் ஏற்பாடு பெருநகர அளவில் இயலுமா என்ற ஐயம் எழலாம். பம்பாய் இதற்கு இரு சான்றுகளைத் தருகிறது.

முதலாவது, டப்பாவாலாக்கள். 1890ஆம் ஆண்டளவில் மகாதேவ் ஹாவாஜி பச்சே ஏறத்தாழ நூறு பேருடன் தொடங்கியதாகக் கூறப்படும் இவ்வமைப்பு, உச்சக்கட்டத்தில் சுமார் 5,000 பேரைக் கொண்டு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் உணவு அடுக்குகளைக் கையாண்டது. அதன் துல்லியத்தை மேலாண்மைப் பள்ளிகள் வியந்து எழுதியுள்ளன. அவ்வியப்புரைகளில் பெரும்பாலானவை காலையில் உணவு சென்று சேர்வதையே பேசுகின்றன. பிற்பகலில் அதே டப்பா காலியாக அதே வீட்டுக்குத் திரும்புவதை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆயினும் அவ்வமைப்பின் உழைப்பில் சரிபாதி அத்திரும்பு பயணமே. மூடியின் மேல் தீட்டிய வண்ணக் குறியும் எழுத்தும் எண்ணும் இரு திசைக்கும் வழிகாட்டின. திரும்பு பயணத்துக்கும் சேர்த்தே மாதக் கட்டணம் பெறப்பட்டது. நூற்றாண்டுக்கு மேல் நாள்தோறும் வீடு தேடி வந்த இவ்வுணவுக்கு ஒருமுறைக் கலம் தேவைப்படவில்லை.

இரண்டாவது, பால்புட்டி. நகருக்குள் நெருக்கமாக இருந்த மாட்டுத் தொழுவங்களைப் புறநகருக்கு மாற்றும் நோக்கில் 1949இல் ஆரே பால் குடியிருப்பு நிறுவப்பட்டது. 1951இல் பிரதமர் நேரு அதனைத் திறந்துவைத்தார். இம்முயற்சியை முன்னின்று நடத்தியவர் பம்பாயின் பால் ஆணையர் தாரா குரோடி. பின்னாளில், 1963இல், வர்கீஸ் குரியன், திரிபுவன்தாஸ் படேல் ஆகியோருடன் மகசேசே விருது பெற்றவர் இவர். ஆரே பால் கண்ணாடிப் புட்டிகளில் நகரின் விற்பனை நிலையங்களுக்கு வந்தது. கழுவிய காலிப் புட்டியைக் கொடுத்து நிரம்பிய புட்டியைப் பெறுவது வழக்கம். 1959இல் தொடங்கிய தில்லி பால் திட்டமும் கண்ணாடிப் புட்டியையே கைக்கொண்டது. விடியற்காலையில் காலிப் புட்டிகள் உரசிக்கொள்ளும் ஓசை இவ்விரு நகரங்களிலும் வளர்ந்த ஒரு தலைமுறையின் பொது நினைவு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இவ்விரண்டு திட்டங்களும் நவீன அரசின் திட்டங்கள். பதப்படுத்தும் ஆலை, குளிர்வண்டி, காரக் கரைசலில் புட்டி கழுவும் இயந்திரம் ஆகிய அனைத்தும் கொண்டவை. ‘திரும்பும் கலம்’ என்பது கிராமத்துப் பழமையின் எச்சம் என்னும் எண்ணத்தை இவை மறுக்கின்றன. நவீன இந்திய நகரம் தன் முதல் பெருந்திட்டங்களில் ஒன்றைத் திரும்பும் கலத்தின் மீதே கட்டியது.

3. அது பொற்காலமும் அன்று

இதுவரை கூறியதைப் படித்து ‘நம் முன்னோர் எவ்வளவு அறிவுடையோர்’ என்று முடிவுகட்டிவிடல் ஆகாது. அம்முறைக்கு மூன்று இருண்ட பக்கங்கள் உண்டு.

முதலாவது, சாதி. மண்குவளையும் இலைத்தட்டும் ஒருமுறையோடு எறியப்பட்டதற்கு அவற்றின் மலிவு மட்டும் காரணமன்று. பிறர் வாய்பட்ட கலம் தீட்டு என்னும் கருத்து அவ்வழக்கத்தை உறுதிப்படுத்தியது. பாத்திரத்தில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவதும், சிலருக்கு மட்டும் தனிக் குவளை வைப்பதும் அதே கருத்தின் பிற வடிவங்கள். ஆக, ஒருமுறைப் பயன்பாடு நெகிழியோடு நம் நாட்டுக்குள் நுழைந்த பழக்கம் அன்று. அன்று எறியப்பட்டது மண்ணாகவும் இலையாகவும் இருந்ததால் அதன் எச்சம் நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. மறுபுறம், பலர் கைபட்டுத் திரும்பும் பொதுப் பால்புட்டி, எவர் வீட்டுச் சமையலறைக்கு முன்னர் சென்றுவந்தது என்று எவரும் அறிய முடியாத கலம். சமூக வரலாற்று நோக்கில் அப்புட்டி இன்னும் உரிய கவனம் பெறவில்லை.

இரண்டாவது, உழைப்பு. புட்டியைக் கழுவியவர், பையைத் துவைத்தவர், பொட்டல நூலை அவிழ்த்துச் சுற்றிவைத்தவர், டின்களை வெயிலில் காயவைத்தவர் எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. விடியலில் பால்வரிசையில் நின்றவர்களும் பெண்களும் சிறுவர்களுமே. ஊதியமற்ற இவ்வுழைப்பின் மேல்தான் குப்பையற்ற மளிகை நின்றது. கடைப் பையன் என்று நாம் இயல்பாகக் கூறும் சொல்லிலேயே குழந்தைத் தொழில் மறைந்திருக்கிறது.

மூன்றாவது, கலப்படம். அளந்து ஊற்றிய பாலில் நீரும், சில்லறை எண்ணெயில் மலிவு எண்ணெயும் கலந்தன. எடைக்கல் ஏமாற்றியது. செய்தித்தாள் பொட்டலமும் தீங்கற்றதன்று. அச்சுமையிலுள்ள வேதிப்பொருள்கள் உணவில் படிவதால், உணவைச் செய்தித்தாளில் பொதிவதை 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதிகட்டல் ஒழுங்குமுறைகள் தடைசெய்துள்ளன.

நெகிழியின் வெற்றியை விளங்கிக்கொள்ள இம்மூன்றையும் மனத்தில் இருத்த வேண்டும். அது மலிவு என்பதால் மட்டும் வெல்லவில்லை. வீட்டுப் பெண்ணின் கைவேலை ஒன்றைக் குறைத்தது. முன்பின் அறியாத விற்பனையாளரிடமும் நம்பி வாங்க வழிசெய்தது. இவ்விரண்டும் உண்மையான நன்மைகள். இவற்றை மறுத்துவிட்டுச் செய்யப்படும் எந்த மறுப்பிரசாரமும் மக்களிடம் எடுபடாது.

4. ரிஷ்ரா முதல் பால் உறை வரை

ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள ரிஷ்ரா என்னும் ஊர் இவ்வரலாற்றில் இருமுறை வருகிறது. இந்தியாவின் முதல் சணல் ஆலை 1855இல் அங்கேதான் எழுந்தது. நூறாண்டுகளுக்குச் சற்றுப் பின்னர், 1959இல், பிரிட்டனின் ஐ.சி.ஐ. குழுமத்தைச் சார்ந்த நிறுவனம் ஒன்று இந்தியாவில் முதன்முதலாகப் பாலிதீன் உற்பத்தியைத் தொடங்கியதும் அதே ரிஷ்ராவில்தான். உலகின் தானியத்தைச் சுமந்த சாக்கும், அதனைப் பின்னாளில் ஓரங்கட்டிய பொருளும் ஒரே ஊரில் பிறந்தன.

பாலிதீன் உடனே பையாகிவிடவில்லை. இன்று நாம் அறிந்த, இரு காதுகள் கொண்ட பனியன் வடிவப் பைக்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது 1965இல்; அதனை வடிவமைத்தவர் சுவீடனைச் சேர்ந்த ஸ்டென் குஸ்தாவ் துலின். இந்தியாவிலோ நெகிழி மென்படலம் வீட்டுவாசலுக்குப் பெருமளவில் வந்தது பைக்கு முன்னரே, பால் உறையாக. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியின் விரிவாக்கத்தில், கண்ணாடிப் புட்டி ஒரு தடையாகத் தோன்றியது. புட்டி கனம்; உடையும்; கழுவ வெந்நீர் வேண்டும்; வண்டி காலிப் புட்டிகளைச் சுமந்து திரும்பியாக வேண்டும். சில கிராம் எடையுள்ள உறைக்கு இவை எதுவும் இல்லை. பொதுத்துறையில் 1969இல் உருவான ஐ.பி.சி.எல். நிறுவனத்தின் பரோடா வளாகம் 1970களின் இறுதியில் உற்பத்தியைப் பெருக்கியபோது, மூலப்பொருளும் உள்நாட்டிலேயே கிடைத்தது. புட்டி ஒவ்வொரு நகராக விடைபெற்றது.

இம்மாற்றம் தவிர்க்கவியலாதது என்று கூறுவோர் தில்லியைப் பார்க்க வேண்டும். 1974இல் நிறுவப்பட்ட மதர் டெய்ரி, புட்டியும் உறையும் இல்லாத மூன்றாவது வழியைத் தேர்ந்தது. குடியிருப்புப் பகுதிச் சாவடியிலுள்ள தொட்டியில் குளிர்ந்த பால் நிரப்பப்படும். வில்லையை இயந்திரத்தில் இட்டால், நாம் கொண்டுசென்ற பாத்திரத்தில் அளவாகப் பால் விழும். வாங்குபவரின் கலம் என்னும் மிகப் பழைய முறையும் இயந்திர அளவையும் இங்கே இணைந்தன. அளவில் ஏமாற்று இல்லை; கை படவில்லை. உறைப்பாலைவிட விலையும் குறைவு. அரை நூற்றாண்டு கழிந்தும் ‘டோக்கன் பால்’ தில்லியில் விற்பனையாகிறது. தொழில்நுட்பம் உறையை மட்டுமே நோக்கிச் சென்றாக வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மளிகைக்கு நெகிழி வந்த கதையில் சட்டத்துக்கும் பங்குண்டு. 1977ஆம் ஆண்டின் பொதிப்பொருள் விதிகள் எடை, உற்பத்தியாளர் பெயர் முதலியவற்றை உறைமேல் அச்சிடக் கட்டாயப்படுத்தின. நுகர்வோர் உரிமை அச்சிட்ட உறையின் வழியாக வந்தது. 1998இல் தில்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்ததால் பரவிய நீர்க்கோவை நோயில் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் சமையல் எண்ணெயைப் பொதியிட்டே விற்க வேண்டும் என்னும் ஆணை பிறந்தது. மக்கள் தூக்குவாளியுடன் சென்று எண்ணெய் அளந்து வாங்கும் வழக்கம் சட்டப்படி குற்றமாகும் நிலை வந்தது. உறை, உடைந்துபோன நம்பிக்கைக்கு மாற்றாக வந்தது. பல உயிர்கள் பறிபோன பின் எடுக்கப்பட்ட அம்முடிவை எளிதாகக் குறைகூற இயலாது. ஆயினும் எண்ணெயைச் சோதிக்கும் பொறுப்பை அரசு தன் ஆய்வகங்களிலிருந்து பெருமளவில் உறைக்கு மாற்றியது என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும்.

குளிர்பானத்தில் இந்த மாற்றம் 1990களுக்குப் பின் நிகழ்ந்தது. முன்பணம் பெற்றுத் திருப்பப்பட்ட கண்ணாடிப் புட்டியின் இடத்தில் பெட் புட்டி வந்தது. புட்டியைத் திரும்பப் பெறும் செலவு நிறுவனத்தின் ஏட்டிலிருந்து நீங்கி, நகராட்சியின் ஏட்டிலும், ஏடே இல்லாத குப்பை பொறுக்குவோரின் முதுகிலும் ஏறியது.

5. தடைகளும் ஒரு சங்கத்தின் பெயரும்

புனேயில் 1993இல் குப்பை பொறுக்குவோர் தமக்கென ஒரு தொழிற்சங்கம் கண்டனர். அதன் பெயர் ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து’. காகிதம், கண்ணாடி, தகரம் ஆகியவற்றில் உழைப்போரின் மன்றம் என்று பொருள். அப்பெயரில் நெகிழி இல்லை. பொறுக்குபவரின் வருவாய் எவற்றோடு இணைத்து எண்ணப்பட்டது என்பதற்கு அப்பெயரே ஓர் ஆவணம். இவ்வுறுப்பினருள் மிகப் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள். கலம் திரும்பும் வேலையை வீட்டுப் பெண்ணிடமிருந்து நெகிழி விலக்கியது என்றேன், அவ்வேலை மறைந்துவிடவில்லை. அவளைவிட ஏழையான இன்னொரு பெண்ணிடம், தெருவில், ஊதியமின்றிப் போய்ச் சேர்ந்தது.

தடைகள் மலையிலிருந்து தொடங்கின. 1998இல் சிக்கிம் நெகிழிப்பைகளுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. அதே காலத்தில் லேயில் லடாக் பெண்கள் கூட்டமைப்பின் முயற்சியால் அவை விலக்கப்பட்டன. இமாசலப் பிரதேசம் 2009இல் முழுத்தடை விதித்தது. சமவெளியில் எச்சரிக்கையாக வந்தது 2005 ஜூலை 26ஆம் நாள் மும்பை வெள்ளம். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. வடிகால்களை நெகிழிப்பைகள் அடைத்துக்கொண்டன என்ற குற்றச்சாட்டு வலுத்தது. அந்த அளவு மழையைப் பைகளற்ற வடிகாலும் தாங்கியிராது. மித்தி ஆற்றின் ஆக்கிரமிப்பும் பழைய வடிகால் அமைப்பும் பெரிய காரணங்கள். ஆயினும் மகாராட்டிரம் 50 மைக்ரானுக்குக் குறைந்த பைகளைத் தடைசெய்தது.

அதே மாநிலத்தின் 2018 மார்ச் 23 அறிவிக்கை நம் விவாதத்துக்கு மிக முக்கியமானது. கைப்பிடியுள்ள பைகள் அனைத்தையும் அது தடைசெய்தது. கூடவே, பால் உறை ஒன்றுக்குக் குறைந்தது 50 காசு கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும் என்றது. நெகிழிக் காலத்தில் திரும்பு பயணத்தை மீட்க எடுக்கப்பட்ட துணிவான முயற்சிகளுள் இது ஒன்று. ஜூன் 23 முதல் அபராதம் நடைமுறைக்கு வந்த சில நாள்களிலேயே மளிகைக் கடைகளின் பொதிகளுக்கு நிபந்தனைகளுடன் தளர்வு தரப்பட்டது. பால் உறையைத் திரும்பப் பெறுவதோ மீண்டும் மீண்டும் தடைபட்டது. உறையைச் சேர்த்துவைப்பவர் யார், கொண்டுசெல்பவர் யார், அவருக்குக் கூலி யார் தருவது என்ற கேள்விகளுக்கு விடை காணப்படவில்லை. தடை உடனே செயற்பட்டது. திரும்பும் வழி தானாக உருவாகவில்லை.

இதனோடு ஒப்பிட நீலகிரியைக் காணலாம். காடுகளில் யானைகளின் கால்களைக் கிழித்த மதுப்புட்டிகள் குறித்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022இல் அங்கே புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் தந்தால் திருப்பித் தரும் முறை தொடங்கியது. மிகப் பெரும்பாலான புட்டிகள் திரும்பி வந்தன. எறிந்த சிலவற்றையும் பத்து ரூபாய்க்காகப் பிறர் எடுத்து வந்தனர். ஐம்பது காசுக்கும் பத்து ரூபாய்க்கும் உள்ள வேறுபாடு ஒரு காரணம். விற்ற கடையே திரும்பப் பெறும் இடமாகவும் இருந்தது மற்றொரு காரணம்.

பொருளை மட்டும் மாற்றுவது போதாது என்பதற்கு டென்மார்க்கு அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வும் ஒரு சான்று. பருத்திப்பை ஒன்று, மெல்லிய நெகிழிப்பைக்குக் காலநிலைத் தாக்கத்தில் ஈடாக வேண்டுமாயின் 52 முறையும், எல்லாக் குறியீடுகளிலும் ஈடாக வேண்டுமாயின் 7,100 முறையும் பயன்பட வேண்டும் என்பது அதன் கணக்கு. டென்மார்க்கில் குப்பை தெருவில் கிடப்பதில்லை என்னும் அடிப்படையில் செய்த கணக்கு அது; வடிகால் அடைப்பும் மாட்டின் வயிறும் அதில் வரா. ஆகவே அவ்வெண்களை அப்படியே இங்கே பொருத்த இயலாது. ஆனால் அதன் உட்பொருள் பொருந்தும்: ஒருமுறை வந்து வீட்டிலேயே குவியும் பருத்திப்பை, துணியால் ஆன கேரி பேக்கே ஆகும்.

6. பத்து நிமிடத்தில் வரும் மளிகை

இன்று வீட்டுவாசல் வணிகம் புத்துயிர் பெற்றுள்ளது. 2010களில் பரவிய இணைய மளிகை நிறுவனங்களுள் சில, தொடக்கத்தில் பெட்டிகளில் பொருள்களைக் கொணர்ந்து, வாசலிலேயே எடுத்துக்கொடுத்துவிட்டுப் பெட்டியைத் திரும்ப எடுத்துச் சென்றன. 2021க்குப் பின் ‘பத்து நிமிட’ வணிகம் எழுந்தது. இப்போது வருவது பெரும்பாலும் காகிதப்பை. நெகிழி ஒழிந்தது என மகிழலாம். பையைத் திறந்தால் உள்ளே ஒவ்வொரு பொருளும் தனித்தனி நெகிழி உறையில் கிடக்கிறது என்பது ஒருபுறம். இன்னொரு கேள்வி அதனினும் ஆழமானது: அப்பை ஏன் திரும்புவதில்லை?

பழைய கடைப் பையன் சாக்கை உதறி மடிக்க வாசலில் நின்றான். வீட்டார் அவனை அறிவர். அவன் அடுத்த மாதமும் வருவான். இன்றைய இளைஞர் நிற்க இயலாது. அடுத்த ஆணை கைப்பேசியில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஆணைக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும் அவருக்கு, நாம் காய்களைக் கூடையில் கொட்டிப் பையைத் திருப்பித் தரும் இரண்டு நிமிடம் கூலியற்ற நேரம். நாளை வேறொருவர் வருவார். அவர் பெயரைச் செயலி காட்டும்; உறவு ஏதும் இல்லை. இத்தனைக்கும் அவர் வண்டி பண்டகசாலைக்குக் காலியாகவே திரும்புகிறது. திரும்பு பயணம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதில் ஏற்றுவதற்கு எதுவும் தரப்படவில்லை.

வரலாறு தரும் பாடத்தை இங்கே பொருத்தலாம். கலம் திரும்பிய அமைப்புகளுள் நீடித்து நின்றவற்றில் மூன்று கூறுகளைக் காண்கிறோம். திருப்பித் தருவதற்கு ஒரு பொருளியல் காரணம் இருந்தது: முன்பணம், மாற்றுப் புட்டி, கணக்கு நோட்டு. வந்த வழியே திரும்பும் வழியாகவும் இருந்தது: அதே கடை, அதே ஆள், அதே சாவடி. திரும்பச் சுமப்பவருக்கு அதற்கெனக் கூலி இருந்தது: டப்பாவாலாவின் மாதக் கட்டணம் போல. முதல் இரண்டையும் இணைய வணிகம் எளிதில் செய்ய இயலும். செயலியில் முன்பணம் பிடிப்பதும், அடுத்த ஆணையில் காலிப்பையைக் கணக்கு வைப்பதும் அதற்குப் பெரிய வேலையல்ல. மூன்றாவதில்தான் சிக்கல். வாசலில் நிற்கும் இரண்டு நிமிடத்துக்குக் கூலி தராத எந்தப் பசுமைத் திட்டமும், புட்டி கழுவிய வீட்டுப் பெண்ணின் உழைப்பையும், தெருவில் குனிந்த பெண்ணின் உழைப்பையும் போல, இன்னொருவரின் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்வதாகவே முடியும்.

7. ஆய்வு மாணவர்களுக்கு

நெகிழியின் இந்திய வரலாறு பெரும்பாலும் பெட்ரோ வேதியியல் தொழிலின் வரலாறாகவோ, மாசின் வரலாறாகவோ எழுதப்படுகிறது. வீட்டுவாசலின் வரலாறாக அதனை எழுத நிறைய இடம் உள்ளது. பால் திட்டங்களின் ஆண்டறிக்கைகளில் புட்டி உடைவு, புட்டி இழப்பு என்னும் தலைப்புகளைத் தேடிப் பாருங்கள். மளிகைக் கடைகளின் பழைய பேரேடுகளில் சாக்குக்கும் டின்னுக்கும் தனிப் பத்தி உண்டா என்று காணுங்கள். 1987ஆம் ஆண்டின் சணல் பொதிச் சட்டம் தானியத்துக்கும் சர்க்கரைக்கும் மொத்த வணிகத்தில் சணலைக் காத்தது. கடையிலிருந்து வீடுவரையிலான கடைசித் தொலைவுக்கு அத்தகைய சட்டம் ஏன் எழவில்லை என்று கேளுங்கள். வாய்மொழி வரலாறு சேகரிப்போர், புட்டி கழுவும் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களைச் சந்தியுங்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

அரசுக்கு ஒரு வேண்டுகோளும் இதிலிருந்து எழுகிறது. 120 மைக்ரானுக்குப் பின் அடுத்து எந்த எண் வரும் என்று நாம் காத்திருக்கிறோம். அது தடிமனைக் குறிக்கும் எண்ணாக இராமல், வாசலுக்கு வந்த நூறு பைகளில் எத்தனை திரும்பிச் சென்றன என்பதைக் குறிக்கும் எண்ணாக இருக்கட்டும். அதனருகே, அவற்றைத் திரும்பச் சுமந்தவருக்கு என்ன கூலி தரப்பட்டது என்னும் இரண்டாவது எண்ணும் அச்சிடப்படட்டும்.